ஆமோஸ் லிப்பட்டுடைய அம்மாவின் பசு

நூற்று எண்பது வார்த்தைகள். கமிட்டி கேட்டது அவ்வளவுதான். பிப்ரவரி பிறந்தபோது ஜூடித் அதை நான்காவது தடவையாகத் திருத்திக்கொண்டிருந்தாள்.

அமெரிக்காவில், பார்சிப்பனி என்ற ஊரில் அவள் வேலை பார்க்கும் மருந்து கம்பெனியின் பார்க்கிங் லாட்டில், காருக்குள் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, மடியில் லஞ்ச் டப்பாவோடு மெயிலைத் திறந்தாள். கமிட்டித் தலைவி கேரல் எழுதியிருந்தாள்: ‘பிரமாதம், ஜூடித்! சின்னச் சின்ன மாற்றங்கள்தான்.’ கூடவே வந்த கோப்பில் இருபத்து மூன்று குறிப்புகள் இருந்தன. எலுமிச்சை சாத டப்பாவை மூடி வைத்தாள்.

இதில் அவளை மாட்டிவிட்டது ஸ்ரீநிவாசன் அங்கிள். ரிட்டயர் ஆனதிலிருந்து அவர்கள் குடியிருக்கும் மான்மவுத் ஜங்ஷனைச் சுற்றி அவர் இல்லாத கமிட்டியே கிடையாது. அமெரிக்கா சுதந்திரம் அடைந்து இருநூற்றைம்பது வருடம் ஆவதையொட்டி, பக்கத்து ஊர் வரலாற்றுச் சங்கம் ஓடைக்கரை நடைபாதையில் ஒரு தகவல் பலகை வைக்கப்போகிறது. அதற்கு எழுத ஓர் ஆள் வேண்டும். டிசம்பரில் இந்தியன் ஸ்டோரில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்தவளை அங்கேயே பிடித்துக்கொண்டார்.

“மருந்து டப்பாக்குள்ள மடிச்சு வெப்பாங்களே, அந்தப் பேப்பர எழுதறவ நீதானேம்மா? நூத்தியெண்பது வார்த்தை உனக்கு ஒரு விஷயமா?”

“அங்கிள், அமெரிக்கன் ஹிஸ்டரின்னா எனக்கு சிட்டிசன்ஷிப் டெஸ்ட்டுக்கு மனப்பாடம் பண்ண கேள்விங்கதான் தெரியும்.”

“அது போதும்மா. இங்கயே பொறந்தவங்களுக்கு அதுகூடத் தெரியாது.”

முடியாது என்று சொல்ல அவள் வாயைத் திறந்தபோது ஃபோன் அடித்தது. பேசி முடித்துத் திரும்புவதற்குள் அவர் அவள் பெயரைக் கேரலுக்கு அனுப்பிவிட்டிருந்தார்.

பலகைக்குரிய மனிதர் ஆமோஸ் லிப்பட். ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் அவர் குடும்பத்துடையது. க்வேக்கர் வீட்டில் பிறந்து க்வேக்கராகவே வளர்ந்தவர். போர் கூடாது, ஆயுதம் தொடக்கூடாது, கோர்ட்டிலானாலும் சத்தியம் செய்யக்கூடாது, ராஜாவே எதிரில் வந்தாலும் தொப்பியைக் கழற்றக்கூடாது என்று வாழ்ந்த கிறிஸ்தவச் சபை அது. அப்படி வளர்ந்தவர் நாற்பது வயதில் அரசியலுக்கு வந்தார். 1776-ல் பர்லிங்டனில் கூடிய மாகாணப் பேரவைக்கு உறுப்பினராகப் போய், ராஜாவின் ஆட்சி இனி வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார். சண்டை வரும் என்று தெரிந்துதான் போட்டார். அதே வருடம் சபை அவரை விலக்கியது.

ஜூடித் முதலில் எழுதியது ஏறக்குறைய இவ்வளவுதான். அதற்கே நாலு பக்கமிருந்தும் அம்பு வந்தது.

‘விலக்கியது’ என்பது கொஞ்சம் எதிர்மறையாக இருக்கிறதே, பண்டிகைக் காலமாயிற்றே என்றாள் கேரல். ‘நாட்டின் தந்தையரில் ஒருவர்’ என்று ஒரு வரி போடலாமா என்று ஸ்ரீநிவாசன் அங்கிள் கேட்டார். டெக்சாஸில் ஆலன் என்ற ஊரில் ஆமோஸின் வம்சத்தில் வந்த ஒருவர் இருந்தார். வேட் லிப்பட் என்று பெயர், எழுபத்தொரு வயது. அவர் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: ‘என் முன்னோரை யாரும் வெளியேற்றவில்லை. அவரே வெளியேறினார்.’ இன்றைக்கும் அதே ஊரில் கூடிவரும் க்வேக்கர் சபையின் சார்பில் கமிட்டியில் இருந்த மார்கரெட் என்ற வயதான அம்மாள் பென்சிலால் எழுதி ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தாள்: ‘நாங்கள் வெளியேற்றினோம் என்பதைவிட, அவர் பிரிந்து சென்றார் என்பது மென்மையாக இருக்கும்.’

ஒருவருக்கொருவர் எதிரான இரண்டு பேர், எதிரெதிரான காரணத்துக்காக, ஒரே பொய்யைக் கேட்டார்கள். ஜூடித்துக்குத் தலையை ஸ்டியரிங்கில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

பத்தொன்பது வருடமாக அவள் செய்வது ஒரே வேலை. மருந்தில் இருக்கும் கெடுதலை மறைக்கக்கூடாது, இல்லாத நன்மையைச் சேர்க்கக்கூடாது. ‘சிலருக்குத் தலைசுற்றல் வரலாம்’ என்பதில் அந்த ‘சிலருக்கு’ என்ற சொல்லுக்காக ஒரு மாதம் சண்டை போட்டிருக்கிறாள். இங்கேயானால் ஆளாளுக்கு வந்து ஒரு மனிதனின் வாழ்க்கையை இஸ்திரி போடுகிறார்கள்.

“விட்டுத் தொலையேன்,” என்றான் டென்னிஸ், அவள் கணவன், சப்பாத்தியைத் திருப்பிப் போட்டபடி. “அவங்க கேக்கறத எழுதிக் குடு. யாரு நின்னு படிக்கப்போறா? வாக்கிங் போறவங்க நாய் நிக்கற நேரம் படிப்பாங்க.”

“நாய் நிக்கற நேரம் படிச்சாலும் நெஜத்தப் படிக்கட்டும்.”

“அம்மா, யு ஆர் சோ டிரமாட்டிக்,” என்றாள் மேஜையில் ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்த மகள் ஆன்லின்.

மூலப் பத்திரத்தையே பார்த்துவிட்டால் ஒருவராலும் வாயைத் திறக்க முடியாது என்று நினைத்து, மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு க்வேக்கர் சபைக் கூடத்துக்குப் போனாள். சாம்பல் நிறக் கட்டடம். உள்ளே சிலுவை இல்லை, பீடம் இல்லை, ஆர்கன் இல்லை. மர பெஞ்சுகள் மட்டும். மார்கரெட் அலமாரியைத் திறந்து, பழைய நடவடிக்கைப் புத்தகங்களின் நகல்களைக் கட்டுக்கட்டாக எடுத்து வைத்தாள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எதையும் நிதானமாகத்தான் செய்வாள். எல்லாவற்றையும் வைத்துவிட்டு எதிர் பெஞ்சில் ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்தாள்.

கையெழுத்து பூச்சி ஊர்ந்ததுபோல இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துத்தான் கண் பழகியது. 1776, பத்தாம் மாதம்: ‘ஆமோஸ் லிப்பட் நம் சமாதானக் கொள்கையினின்று வழுவி, யுத்தத்துக்கு ஏதுவான பேரவையில் அமர்ந்து வாக்களித்தபடியால், தன் பிழையை உணர்ந்து அறிக்கையிடும் வரை அவரை நம்மில் ஒருவராக ஏற்பதற்கில்லை.’

“இதோ,” என்றாள் ஜூடித். “விலக்கியிருக்கிறீர்கள்.”

மார்கரெட் கண்ணாடியைச் சரிசெய்து படித்தாள். “ஆமாம்,” என்றாள். மறுபடி பின்ன ஆரம்பித்தாள்.

ஜூடித் அதோடு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அடுத்த கட்டின் மேல் ‘துன்பங்கள்’ என்று தலைப்பு இருந்தது. போருக்காக வரி கேட்டபோது க்வேக்கர்கள் கொடுக்க மறுத்தார்கள். அதிகாரிகள் வந்து வீட்டிலிருப்பதைத் தூக்கிப் போனார்கள். போனதையெல்லாம் சபை வரிவரியாக எழுதி வைத்திருந்தது. ஒருவருக்கு ஒரு சேணம். இன்னொருவருக்குக் கடிகாரம். 1778-ல் இப்படி ஒரு வரி: ‘விதவை ஹானா லிப்பட்டிடமிருந்து, பழுப்புப் பசு ஒன்று, கம்பளி இரண்டு. வாரண்டில் கையொப்பம்: ஆமோஸ் லிப்பட், நீதிபதி.’

ஜூடித் அதை மூன்று தடவை படித்தாள். ஹானா அவனுடைய அம்மா. வரி கட்டாதவர்கள் பட்டியல் அவன் மேஜைக்கு வந்திருக்கிறது, அதில் அம்மா பெயரும் இருந்திருக்கிறது, கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

“அடப்பாவி,” என்றாள் வாய்விட்டு.

“என்ன சொன்னாய்?” என்றாள் மார்கரெட்.

“பெற்ற அம்மாவுடைய பசுவைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். உங்களுக்குத் தெரியுமா?”

மார்கரெட்டின் ஊசி நின்றது. “1776-க்கு மேல் நான் படித்ததில்லை,” என்றாள்.

போர் முடிந்த பிறகு நடந்தது அடுத்த கட்டில் இருந்தது. 1785-ல் ஆமோஸ் மறுபடி சபையில் சேரக் கேட்டார். அதற்கு முன்பே ஒவ்வொரு ஞாயிறும் கூடத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாராம்; அதற்குத் தடையில்லை. உறுப்பினராக மறுபடி சேர வேண்டுமானால், செய்தது தவறு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தார். அதன் நகல் புத்தகத்திலேயே இருந்தது.

‘என் தாயாரின் பசுவை எடுக்கும் தாளில் கையொப்பமிட்டதற்காக மனதார வருந்துகிறேன். அந்த ஒரு பெயரை வேறொரு நீதிபதியிடம் தள்ளியிருக்கலாம், செய்யவில்லை. பர்லிங்டனில் நான் அளித்த வாக்குக்காக வருந்துகிறேன் என்று எழுதினால் அது பொய். பொய் சொல்லக்கூடாது என்று எனக்குக் கற்பித்தது நீங்கள்தான்.’

சபை இரண்டு பேரை அவர் வீட்டுக்கு அனுப்பியது. அவர்கள் வந்து சொன்னது: ‘மனம் இளகியிருக்கிறார், ஆனால் போதிய தெளிவில்லை.’ தாள் திருப்பி அனுப்பப்பட்டது. மறுபடி எழுதினார்; அதே வரி. மறுபடி திருப்பி அனுப்பினார்கள். ‘ஆமோஸ் லிப்பட் விஷயம் அடுத்த மாதத்துக்கு.’ ‘அடுத்த மாதத்துக்கு.’ பக்கம் பக்கமாக, வருடம் வருடமாக அதேதான். ஜூடித் வேகமாகப் புரட்டினாள். ஓரிடத்திலாவது யாராவது ‘போதும், விடுங்கள், வரட்டும்’ என்று சொல்லியிருக்க மாட்டார்களா என்று பார்த்தாள். 1797, மூன்றாம் மாதம்: ‘ஆமோஸ் லிப்பட் இறந்துவிட்டதாக அறிகிறபடியால் அவ்விஷயம் கைவிடப்படுகிறது.’

“பன்னிரண்டு வருஷம்!” ஜூடித்தின் குரல் அந்தக் காலிக் கூடத்தில் எதிரொலித்தது. “பன்னிரண்டு வருஷம் அந்த மனிதரை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்!”

மார்கரெட் நகல்களை மறுபடி வரிசையாக அடுக்க ஆரம்பித்தாள். அந்த நிதானத்தைப் பார்த்து ஜூடித்துக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

திரும்பும் வழியில் 287 நெடுஞ்சாலையில் வண்டிகள் நின்று நின்று நகர்ந்தன. எரிச்சல் ஏன் இவ்வளவு என்று அவளுக்கே தெரியாமலில்லை. திருநெல்வேலியில் அவள் வளர்ந்த பெந்தெகொஸ்தே சபை, தூத்துக்குடி ஆர்.சி. பையனான டென்னிஸை அவள் கல்யாணம் செய்துகொண்ட மறுவாரம், ஞாயிறு ஆராதனை முடிவில் அவள் பெயரை வாசித்துச் சபைநீக்கம் செய்தது. அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. இருபத்திரண்டு வருடமாக வாராவாரம் ஃபோனில் அம்மாவோடு மழையைப் பற்றியும் முட்டிவலியைப் பற்றியும் பேசுகிறாள். அதைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை.

ஏப்ரல் கூட்டம் லைப்ரரியின் பின்னறையில், சனிக்கிழமை பத்து மணிக்கு. மேஜையைச் சுற்றி ஏழு பேர். சுவரிலிருந்த திரையில் ஆலனிலிருந்து வேட். ஜூடித் புது வாசகத்தை எல்லோருக்கும் கொடுத்தாள். ஓட்டும் இருந்தது, பசுவும் இருந்தது, திருப்பி அனுப்பிய தாளும் இருந்தது. சரியாக நூற்றெண்பது வார்த்தை.

முதலில் பேசியது ஸ்ரீநிவாசன் அங்கிள். கூட்டத்தில் ஆங்கிலம் பேசுகிறவர், பதற்றத்தில் தமிழுக்கு வந்துவிட்டார். “ஜூடித்மா, சுதந்திர தினத்துக்குப் போர்டு வெக்கறோம். அதுல போய் மாட்ட எதுக்கு இழுக்கற?”

“நான் இழுக்கல அங்கிள். அவர்தான் இழுத்துட்டுப் போனாரு.”

வேட் மைக்கைத் திறந்தார். முகம் சிவந்திருந்தது. “என் முன்னோர் தன் தாயிடம் திருடினார் என்று ஒரு பார்க்கில் எழுதி வைக்கப் போகிறீர்களா?”

“திருடினார் என்று எழுதவில்லை. கையெழுத்துப் போட்டார் என்று எழுதியிருக்கிறேன். அவரே அப்படித்தான் எழுதிக் கொடுத்தார்.”

“மார்கரெட், உங்கள் தரப்பு?” என்றாள் கேரல்.

மார்கரெட் வாசகத்தை இன்னொரு தடவை படித்தாள். பிறகு, “விலக்கினோம் என்பதற்குப் பதிலாக, விடுவித்தோம் என்று போட முடியுமா?” என்றாள்.

ஜூடித் பேனாவை மூடினாள். “விலக்கினோம் என்ற வார்த்தை எனக்குத் தெரியும், மார்கரெட். என் மொழியில் அதற்கு ஒரே சொல்தான். என் பெயரையும் ஒரு நாள் அப்படி வாசித்தார்கள். யாரும் என்னை விடுவிக்கவில்லை.”

டோனட் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். கேரலுக்குச் சங்கடம் பொறுக்காது. மென்மையாகச் சிரித்து, “சரி, எல்லாருடைய கருத்தையும் சேர்த்து நானே ஒரு தடவை மெருகேற்றி நேராகப் பிரிண்டருக்கு அனுப்பிவிடுகிறேன்,” என்று கூட்டத்தை முடித்தாள்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நஜ்முதீன் ஃபோன் செய்தார். ரூட் 27-ல் சைன் கடை வைத்திருப்பவர், கீழக்கரைக்காரர். பலகை அவரிடம்தான் பிரிண்ட் ஆக வேண்டும். முந்தின வாரம் ஜூடித் ஆன்லினுடைய ஸ்கூல் பேனர் விஷயமாகப் போனபோது ஆமோஸ் கதையைப் புலம்பித் தீர்த்திருந்தாள்.

“அக்கா, ஃபைல் வந்துடுச்சு. நீங்க அன்னிக்கு சொன்னது ஒண்ணு, இதுல இருக்கறது ஒண்ணு. பிரிண்ட் போட்டா அப்பறம் அழிக்க முடியாது பாருங்க. அதான் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு.”

ஆபீஸ் முடிந்ததும் நேராகக் கடைக்குப் போனாள். நஜ்முதீன் ஸ்க்ரீனை அவள் பக்கம் திருப்பினார். புல்வெளி, ஓடை, தொப்பி போட்ட ஒரு மனிதரின் படம். க்வேக்கர் என்ற சொல் ஒரே இடத்தில் இருந்தது. சபை விலக்கியது இல்லை. தாள் இல்லை. அம்மா இல்லை. கடைசியில் இப்படி: ‘போர்க்காலத்தில் லிப்பட் குடும்பம் தங்கள் பசுவையும் நாட்டுக்காக மனமுவந்து அளித்தது.’

“மனமுவந்து!” என்று கத்தினாள் ஜூடித். மக் பிரிண்ட் வாங்க வந்திருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். “மனமுவந்து குடுத்துச்சாம்! யாரு, அந்தப் பசுவா?”

“மாடு படம் ஒண்ணு சேக்கச் சொல்லியும் நோட் இருக்குக்கா. பசங்களுக்குப் பிடிக்குமாம்.”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் மாற்றியதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருக்கலாம். வெட்டினார்கள், மழுப்பினார்கள், சரி. இது புதுசு. நடந்ததற்கு நேர் எதிர்.

நஜ்முதீன் குரலைத் தாழ்த்தினார். “அக்கா, உங்க ஃபைலையே போட்டுட்டா என்ன? திறப்புவிழா அன்னிக்குத் துணிய எடுத்தப்பறம் அவங்க என்ன பண்ண முடியும்?”

ஒரு நிமிடம், அப்படியே செய்துவிட்டால் என்ன என்றுதான் ஜூடித்துக்கும் தோன்றியது. கேரலின் முகத்தைக்கூட நினைத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு, “வேணாம் நஜ்மு. அவங்க எனக்குத் தெரியாம மாத்துனாங்கன்னுதானே இங்க வந்து கத்திட்டிருக்கேன்,” என்றாள். “எப்ப வரைக்கும் நிறுத்தி வெப்பீங்க?”

“வெள்ளிக்கிழமை மதியம். அதுக்கு மேல அலுமினியம் ஷீட் லேட்டாயிடும்க்கா.”

அன்றே கமிட்டி முழுவதற்கும் மெயில் அனுப்பினாள். அவள் எழுதியதிலேயே சிறியது அதுதான்: ‘பசுவை யாரும் மனமுவந்து அளிக்கவில்லை. அந்த வரி பொய். அதை எடுங்கள். இல்லையென்றால் பலகையிலிருந்து என் பெயரை எடுங்கள். ஏன் எடுக்கச் சொன்னேன் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்வேன்.’

வியாழன் மதியம் அவசரக் கூட்டம், எல்லோரும் ஜூமில். ஜூடித் ஆபீஸில் காலியாக இருந்த ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கேரல் கண் கலங்கியிருந்தாள். தான் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, எல்லோரும் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்ததாகச் சொன்னாள். ஸ்ரீநிவாசன் அங்கிள் மைக்கைத் திறக்காமலே இரண்டு நிமிடம் பேசினார். நேரம்தான் போனது.

அப்போது வேட் கையைத் தூக்கினார். ஜூடித் மனதைத் திடப்படுத்திக்கொண்டாள்.

“அந்த வரி இருக்கக்கூடாது,” என்றார் வேட்.

யாரும் எதிர்பார்க்கவில்லை. அவர் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். உள்ளே மஞ்சளேறிய தாள்.

“இது எங்கள் வீட்டில் இருக்கிறது. என் தாத்தாவிடமிருந்து வந்தது. ஹானா தன் மகளுக்கு எழுதிய கடிதம். இதை நான் சின்ன வயதிலேயே படித்துவிட்டேன். ஏப்ரல் கூட்டத்தில் நீங்கள் பசு என்றதும் எனக்குத் தெரியும், அது உண்மை என்று. உங்களுக்கு ஆதாரம் தேடித் தருவது என் வேலையா என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன்.” தொண்டையைச் செருமினார். “ஆனால் மனமுவந்து கொடுத்தாள் என்று போடுகிறீர்களே, அதை அவளே ஒத்துக்கொள்ள மாட்டாள்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

‘ஆமோஸ் ஓர் இளம் பசுவைக் கொண்டுவந்து வேலியில் கட்டிவிட்டுப் போனான். அவன் அதை வாங்கியது யுத்த அரசாங்கம் அவனுக்குத் தந்த சம்பளத்தில். எனவே திருப்பி அனுப்பினேன். மறுபடி கட்டினான். மறுபடி அனுப்பினேன். மூன்றாம் முறை அவனே வந்து அவிழ்த்துக்கொண்டு போனான், ஒன்றும் பேசவில்லை. வாரா வாரம் வந்து விறகு பிளந்து தருகிறான். என் மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். பால் வேண்டுமா என்று நான் கேட்பதில்லை.’

ஜூடித் தன் கேமராவை அணைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டாள்.

“எங்கள் வம்சமே பிடிவாதம்,” என்றார் வேட். “அந்த அம்மாவும் சரி, பிள்ளையும் சரி. எனக்கு இது பெருமையாக இல்லை. ஆனால் பொய்யும் வேண்டாம். அந்தப் பெண் எழுதியதையே போடுங்கள்.”

“மார்கரெட்?” என்றாள் கேரல் மெலிந்த குரலில்.

“விலக்கினோம்,” என்றாள் மார்கரெட். “அப்படியே இருக்கட்டும்.”

ஓட்டெடுப்பில் நாலுக்கு மூன்று என்று ஜூடித்தின் வாசகம் ஜெயித்தது. ஸ்ரீநிவாசன் அங்கிள் எதிராகத்தான் ஓட்டுப் போட்டார். கூட்டம் முடிந்ததும் ஜூடித்துக்கு ஃபோன் செய்து, “நீ தப்பா எடுத்துக்காதேம்மா. எனக்கு அம்மா விஷயத்தப் போர்டுல போடறது பிடிக்கல, அவ்ளோதான்,” என்றார். அதில் பொய் இல்லை என்பதால் அவளுக்கு அவர்மேல் கோபமும் வரவில்லை. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நஜ்முதீனுக்கு ஃபைல் போனது. மாடு படம் மட்டும் இருந்தது. அதை எடுக்கச் சொல்லி இன்னொரு கூட்டம் கூட்ட யாருக்கும் தெம்பில்லை.

ஜூலை நான்காம் தேதி காலை திறப்புவிழா. வெயில் ஒன்பது மணிக்கே மண்டையைப் பிளந்தது. கேரல் பேசினாள், மேயர் பேசினார், பேண்ட் வாசித்தார்கள், துணியை எடுத்தார்கள். நின்று படித்தவர்கள் பன்னிரண்டு பேர் இருக்கும். ஜூடித் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். படித்துவிட்டு ஒரு பெண் தன் கணவனிடம், “வரியைக் கட்டித் தொலைத்திருக்கலாமே அந்த அம்மாள்,” என்றாள். “அவன் கையெழுத்துப் போடாமல் இருந்திருக்கலாமே,” என்றான் அவன். அதைப் பேசிக்கொண்டே ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் போனார்கள். “பரவால்லையே, நாய் இல்லாதவங்களும் படிக்கறாங்க,” என்றான் டென்னிஸ். ஜூடித் அவனை முறைத்தாள்.

வேட் டெக்சாஸிலிருந்து வந்திருந்தார். திரையில் பார்த்ததைவிடக் குள்ளம், கையில் தடி. விழா முடிந்ததும் ஜூடித்திடம் வந்து, “ஆமோஸ் புதைந்த இடத்தைப் பார்க்க வேண்டும்,” என்றார். டென்னிஸையும் ஆன்லினையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஜூடித் அவரைச் சபைக் கூடத்துக்குக் கூட்டிப் போனாள். மார்கரெட் முன்னால் போய்க் காத்திருந்தாள்.

கட்டடத்துக்குப் பின்னால் வேலி போட்ட ஒரு புல்வெளி. பெரிய ஓக் மரம் ஒன்று. ஓரத்தில் பிற்காலத்துக் கற்கள் கொஞ்சம், முழங்கால் உயரத்துக்கு. மற்றபடி வெறும் புல்.

“எங்கே?” என்றார் வேட்.

“தெரியாது,” என்றாள் மார்கரெட். “அந்தக் காலத்தில் நாங்கள் கல் வைப்பதில்லை. செத்த பிறகு ஒருவர் பெரியவர், ஒருவர் சிறியவர் என்று இருக்கக்கூடாது என்பதற்காக. விலக்கப்பட்டவர்களையும் இங்கே புதைத்தது உண்டு. இவரைப் புதைத்தார்களா என்பதற்குக் குறிப்பு இல்லை.”

“ஹானா?”

“அவள் இங்கேதான். எந்த இடம் என்று தெரியாது.”

வேட் தடியைப் புல்லில் குத்தினார். “ஆயிரத்து ஐந்நூறு மைல் வந்திருக்கிறேன். ஒரு பெயர்கூட இல்லையா? அப்படியென்றால் எதைத்தான் எழுதி வைத்தீர்கள் நீங்கள்?”

மார்கரெட் யோசித்துவிட்டு, “பசுவை,” என்றாள்.

கேலியாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். வேட் அவளை முறைத்துப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நின்றதும் முகத்தைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். வெயிலில் நிற்க முடியாமல் ஓக் மரத்தடிக்குப் போய்ப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். மார்கரெட் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜூடித்தும் புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். யாரும் ஒன்றும் பேசவில்லை. இவர்களுடைய ஆராதனையே இதுதான், யாருக்காவது ஏதாவது தோன்றும் வரை சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்று ஜூடித் படித்திருக்கிறாள். ஜெபம் செய்யலாமா என்று யோசித்தாள். கொசு கடித்தது. ஐந்து நிமிடம் ஆயிற்றோ, இருபது நிமிடம் ஆயிற்றோ.

கடைசியில் வேட்தான், “என்னால் எழுந்திருக்க முடியாது,” என்றார். “முட்டி.”

மார்கரெட் ஒரு கையைப் பிடித்தாள், ஜூடித் ஒரு கையைப் பிடித்தாள். முதல் தடவை முடியவில்லை. இரண்டாவது தடவை தடியை மரத்தில் முட்டுக்கொடுத்து அவர் உந்த, இருவரும் ஒரே மூச்சாக இழுத்து, அவரைத் தூக்கி நிறுத்தினார்கள்.